சனிக்கிழமை சூப்

பிறந்த நாடான ஜமைக்காவில் தாய் இறந்ததிலிருந்து மார்சியா கட்டிலை விட்டு எழும்பவில்லை. செத்தவீட்டுக்கும் போக முடியவில்லை. சனிக்கிழமைகளில் அவள் வைக்கும் பூசணி சூப்பை, இரண்டு வேலை முடித்து வந்த கணவன் யோகன் வைத்தான். இறைச்சியும் கிழங்கும் மாவுருண்டையும் வெந்தன. வாசத்துக்காக முழுதாக மிதக்கவேண்டிய மிளகாய் வெடித்து, சூப் வாயில் வைக்க முடியாத காரமாகிவிட்டது. திரும்பச் சமைக்க அவன் உடம்பில் தெம்பில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நெடியில் இருமிக்கொண்டு மார்சியா வந்தாள்.

"ஏன் மிளகாயைப் போட்டுக் கிண்டினனீர்?" என்றாள், அவனிடம் பழகிய தமிழில்.

"களைப்பில தெரியேல்லை."

அவள் மிளகாயை எடுத்துவிட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினாள்.

"அம்மா இதை வெடிக்க விடவே மாட்டா."

சொல்லிவிட்டு, துழாவிக்கொண்டே அழத் தொடங்கினாள். பக்கத்தில் போய் நிற்க நினைத்தான். எழ முடியவில்லை. எட்டி அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.