பச்சை வலைக்குக் கீழே

பெர்மாஸ் ஜெயாவில் மழைக்கு முந்தைய காற்று அடிக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் சாரத்தைப் போர்த்திய பச்சை வலை உப்பி உப்பி அடங்குகிறது. மூன்றாம் மாடிக்கு நேரே அதன் ஓரம் கட்டவிழ்ந்து, ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. பாதுகாப்பு அதிகாரி தர்மினிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்தத் திறப்புக்கு நேர் கீழே, நடைபாதையில், பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸுக்காக ஒரு பெண் நிற்கிறாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"பஸ்ஸு இங்கதான் நிக்கும் லா," என்கிறாள் அவள், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேலே சாரத் தொழிலாளி யுகேந்திரன் இடுப்பு வாரைக் கம்பியில் மாட்டிக்கொண்டு வலையை இழுத்துக் கட்டுகிறான். அவன் தலைக்கு மேலே செங்கல் அடுக்குவது நிற்கவில்லை.

"மூர்த்தி அண்ணே, வேலைய நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்துகிறாள் தர்மினி.

"அஞ்சு நிமிஷம், மிஸ். மழைக்குள்ள இந்த வரிசைய முடிச்சிரணும்," என்கிறார் மேற்பார்வையாளர்.

யுகேந்திரன் கடைசி முடிச்சை இறுக்குகிறான். அவன் கையை எடுக்குமுன் மேலிருந்து ஒரு செங்கல் நழுவி, சாரப் பலகையில் மோதித் தெறித்து வலையில் விழுகிறது. வலை வெளியே துருத்துகிறது, அதிர்கிறது, கல்லைப் பலகைக்கே திருப்பித் தள்ளுகிறது. செந்தூசி மட்டும் கீழே இறங்குகிறது. மூர்த்தி இரண்டு கைகளையும் உயர்த்தி எல்லாரையும் இறங்கச் சொல்கிறார்.

பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண் தோளைத் தட்டிக்கொள்கிறாள்.

"என்னா தூசு லா! பாத்து வேலை செய்யக் கூடாதா?"

"சாரிக்கா," என்கிறாள் தர்மினி, மேலே கல்லைத் தாங்கிய வலையைப் பார்த்தபடி.