அத்தா தூக்கினால் அழும் பிள்ளை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, காரைக்குடியில் ஓர் அத்தாவுக்கு வந்த மனக்குறையையும் அது தீர்ந்த விதத்தையும் சொல்றேன்.

நைனா முகம்மதுக்கு மகள் பிறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுப் பொன்னழகு தூக்கினால்கூடச் சமர்த்தாக இருக்கும் பிள்ளை, அவன் தூக்கினால் மட்டும் வீறிட்டு அழுதது.

“என்னை யாருன்னே இவளுக்குத் தெரியலை புள்ள” என்றான் மனைவி ஜமீலாவிடம்.

“எப்படித் தெரியும் மச்சான்? அவ அழுதாப் போதும், கடிகாரத்தைப் பார்த்துட்டு வெளியே ஓடிர்றீக.”

“வேலைக்குப் போகாம இருக்க முடியுமா?”

“தூக்கும்போதாச்சும் ரெண்டு வார்த்தை பேசுறீகளா? முட்டையைத் தூக்குற மாதிரி மூச்சை அடக்கிக்கிட்டுல்ல தூக்குறீக!”

அவன் முகம் வாடிப்போனது. ஜமீலாவுக்கு மனசு கேட்கவில்லை. மதியம் செல்லில் எடுத்த வீடியோவைக் காட்டினாள்.

தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்குச் சத்தம் எழுந்தது. சட்டென்று அழுகை நின்றது. கண்ணை அகல விரித்து, சத்தம் வந்த ஜன்னல் பக்கமே பார்த்தாள்.

நைனா முகம்மதுவும் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பாங்கு சொன்ன குரல் அவனுடையது; தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார் அவன்தான்.

“தினமும் அஞ்சு வேளையும் இப்படித்தான் மச்சான். பிறந்த அன்னைக்கே காதுல பாங்கு சொன்ன குரலாச்சே! மோதினார் பள்ளியில மைக் முன்னாடி நிக்கிறாரு. வீட்டுல நடக்கிறது அவருக்கு எங்கே தெரியுது?”

நைனா முகம்மது மகளைக் கையில் வாங்கினான். அவள் உதடு பிதுங்கியது.

“அம்மாடி, அத்தா வந்திருக்கேன்டா” என்றான்.

பிதுங்கிய உதடு அப்படியே நிற்க, பிள்ளை அவன் முகத்தையே பார்த்தாள்.

உங்க வீட்டுக் கைக்குழந்தைகளும் உங்க குரலைக் கேட்டுக் கவலையில்லாமக் கண்ணுறங்கட்டும், என் செல்லங்களா.