நாற்காலி போட்ட இடம்

அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நேடின் மறுபடியும் வண்டியைப் பின்னால் எடுத்தாள். அது இழுத்து வந்த டிரெய்லர் வீடு மறுபடியும் கோணிக்கொண்டு புல்லுக்குள் போனது.

விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் அந்த ஏரிக்கரை முகாமில் சாயங்காலம் இதுதான் பொழுதுபோக்கு. புதிதாக வந்தவர்கள் டிரெய்லரை நிறுத்தத் திண்டாடுவதை, மற்றவர்கள் மடக்கு நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை. இந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் அவளுக்கு ஒதுக்கிய இடத்தின் ஓரத்திலேயே வந்து உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் ஓடி வந்தார்கள்.

"சாவியைக் குடுங்கம்மா. ஒரு நிமிஷத்துல போட்டுத் தர்றோம்."

நேடினுக்கு உயிர் வந்தது. கதவைத் திறக்கப் போனாள்.

"நீங்க போய் உட்காருங்கப்பா," என்றார் தொப்பிக்காரர். "அவங்க வண்டி. அவங்களே ஓட்டட்டும்."

"அவங்க பாவம், எமெட்."

"பாவமெல்லாம் ஒண்ணும் இல்ல. போங்க, அங்க உங்க சோளம் கருகுது."

இளைஞர்கள் சங்கடமாகச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

என்ன ஜென்மமோ, என்று பல்லைக் கடித்தாள் நேடின்.

டிரெய்லர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஓய்வு பெற்றதும் வாங்கலாம் என்று அவளும் கணவர் ரோலண்டும் வருஷக்கணக்காகப் பேசி வைத்திருந்தது. "நீ ஓட்டு. நான் பின்னால நின்னு கை காட்டறேன்," என்பார் ரோலண்ட். கை காட்ட வேண்டியவர் போன மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டார். "தனியா எங்கம்மா போகப்போற?" என்று மகன் கேட்டான். வீட்டில் மட்டும் யாரோடு இருக்கிறேனாம் என்று அவள் கேட்கவில்லை. போய் வாங்கிவிட்டாள்.

முகாமில் எல்லா வண்டிக்கும் இரண்டு பேர். ஒருவர் ஓட்டினால் ஒருவர் பின்னால் நிற்கிறார். நேடினின் பக்கத்து இருக்கையில் கைப்பை மட்டும் இருந்தது.

கண்ணை மூடினாள். 'ஆண்டவரே, இன்னிக்கு இதை நிறுத்த முடியலன்னா, நாளைக்கே வித்தவர்கிட்டத் திருப்பிக் கொடுத்துடறேன். அதுக்கப்புறம் எங்கேயும் கிளம்பணும்னு ஆசைப்பட மாட்டேன்.'

விற்றவர் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வை. கை போகிற பக்கம் டிரெய்லர் போகும்.

கையை அடியில் வைத்தாள். இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். புல்லும் நிழலும் ஒன்றாய்க் கிடந்தன. அந்தச் சிவப்புத் தொப்பிதான் பளிச்சென்று தெரிந்தது. அதை இடித்துவிடாமல், அதற்கு இந்தப் பக்கமே போக வேண்டும்.

மெதுவாகப் போனாள். தொப்பி கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. மனுஷன் அசையவில்லை. பிரேக்கை அழுத்தினாள். அவர் முழங்காலுக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

தலையை வெளியே நீட்டினாள். "எழுந்து நகரக் கூடாதா? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதே. நீங்க நிறுத்துவீங்கன்னும் தெரியும்." கடலைத் தோலை ஊதிவிட்டார். "கொஞ்சம் முன்னால போய்த் திரும்ப வாங்க. இருட்ட இன்னும் நேரம் கிடக்கு."

முன்னால் போனாள். திரும்ப வந்தாள். தொப்பியைப் பார்த்துக்கொண்டே கையை ஒரு விரற்கடை நகர்த்தினாள். டிரெய்லர் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி நேராக உள்ளே போய் நின்றது.

முகாம் முழுக்கக் கை தட்டியது.

நேடின் இறங்கி நேரே அவரிடம் போனாள்.

"வேடிக்கை நல்லா இருந்துச்சா? டிக்கெட் போட்டு வித்திருக்கலாம்."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"தனியா ஒருத்தி தவிக்கிறா. உதவிக்கு வந்தவங்களையும் விரட்டிட்டீங்க."

எமெட் கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். அவள் எடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரி போனப்புறம் முதல் தடவை நான் தனியா வந்தேன். இதே முகாம்தான். நல்லவங்க நாலு பேர் ஓடி வந்து நிறுத்திக் குடுத்தாங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். மறுநாள் வேற ஊரு. அங்க ஒரு ஈ காக்கா இல்ல. என்னால நிறுத்த முடியல. ரோட்டோரமாப் படுத்திருந்துட்டு, விடிஞ்சதும் வீட்டுக்கே திரும்பிட்டேன். அப்புறம் ரொம்ப வருஷம் டிரெய்லரைத் தொடவே இல்ல." தொப்பியைச் சரி செய்துகொண்டார். "நாளைக்கு எங்க போறீங்க?"

நேடின் பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை எடுத்தாள்.

"வடக்கே. இன்னொரு ஏரி இருக்காம்."

"போயிட்டு வாங்க."

நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். பக்கத்து இடம்தான் அவருடையது என்று அவள் நினைத்திருந்தாள். அவர் அதைத் தாண்டி, ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நேடின் தண்ணீர் டியூபை மாட்டலாம் என்று பின்பக்கம் குனிந்தாள்.

நாற்காலி இருந்த இடத்துக்குப் பின்னால், உயர்ந்து நின்ற புல்லுக்குள், முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நின்றது. அதன் மேல் நெடுக, இதற்கு முன் இடித்த வண்டிகளின் வெள்ளையும் பழுப்புமான பெயிண்ட். இடித்திருந்தால் டிரெய்லரின் பக்கவாட்டுத் தகடு கிழிந்திருக்கும்.

திரும்பி வண்டியில் ஏறி, ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தாள். அங்கிருந்து குழாய் தெரியவே இல்லை. அங்கே அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்புத் தொப்பிதான்.