ஆறாம் ஸ்தலம்

பெரிய வெள்ளியன்று, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களில் நின்று ஜெபித்துப் போகும் சிலுவைப்பாதை ஊர்வலம் கடைத்தெருவுக்குள் திரும்பியபோது, செல்போன் திருடினான் என்று ஒரு வடநாட்டு இளைஞனைக் கரண்ட் கம்பத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மாதா கோயில் பங்குப் பேரவைத் தலைவர் பெர்க்மான்ஸ், எல்லோரையும் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போகச் சொன்னார். மைக் பிடித்து ஜெபம் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்த சலேத்மேரி ஒதுங்கவில்லை. நேராகக் கம்பத்தை நோக்கிப் போனாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தில் அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. முக்காடு போட்டிருந்த முந்தானையை இழுத்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

“யாரும்மா இவன் உனக்கு?” என்று கட்டையோடு நின்ற கடைக்காரன் கத்தினான்.

“காலையிலேர்ந்து இவரத்தான்யா கும்பிட்டுக்கிட்டு வர்றேன்.”

“திருட்டுப்பய அவன்!”

“போலீஸ்ல போய்ச் சொல்லு. அடிக்க நீ யாரு?”

பெர்க்மான்ஸ் பதறிப்போய் ஓடிவந்தார். “மேரி, நமக்கெதுக்கு வம்பு? அடுத்த ஸ்தலத்துக்குப் படமெல்லாம் பேங்க் வாசல்ல மாட்டி வச்சிருக்கு. சாமியார் காத்துக்கிட்டிருக்காரு, வா.”

“அவர இங்க வரச் சொல்லுங்க.”

சலேத்மேரி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். “ஆறாம் ஸ்தலம். வெரோணிக்கம்மாள் இயேசுவின் திருமுகத்தைத் துடைக்கிறாள்.” தெரு முழுக்க அவள் குரல் அதிர்ந்தது. பிறகு மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவன் கைக்கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். கடைக்காரன் கட்டையை ஓங்கிக்கொண்டு நெருங்கினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிலுவையைச் சுமந்து வந்த நான்கு ஆண்களும், அதைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.