கயிறு பிடிக்க வந்தவனின் சந்தேகம்

"ஐயா, ஒரு சந்தேகம் லா..."

எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி கிரகரி பல்லைக் கடித்தார். ஏரிக்குள் இறங்கப் போகிறவன் சந்தேகம் கேட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. இந்தப் பழனியப்பன் கரையில் நின்று இறங்குபவனின் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க வந்தவன்!

எஸ்டேட் ஏரியின் அடியில் குழாய் அடைத்துக்கொண்டு, தேயிலைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் நின்று இரண்டு நாளாயிற்று. பெரிய துரை கோலாலம்பூரிலிருந்து ஒரு முக்குளிப்புத் துரையை வரவழைத்திருந்தார். கூட இறங்க நல்ல நீச்சல்காரன் ஒருவன் வேண்டுமாம். கிரகரி தன் மனைவியின் தம்பி அகஸ்டினை முன்னே தள்ளிவிட்டார். மொழிபெயர்ப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். நாற்பது பேர் பார்க்க இங்கிலீஷ் பேசும் வாய்ப்பு 1976-இல் இது ஒன்றுதான் வந்திருந்தது.

முக்குளிப்புத் துரை பத்து நிமிடம் பேசினார். கிரகரியின் தமிழில் அது ஒரே வரியாக வந்தது.

"தோங்குல காத்து இருக்கு, பயப்படாதங்கறாரு."

அகஸ்டின் வீரன். முதுகில் கட்டிய காற்று உருளையான தோங்கோடு தலையை ஆட்டினான், அவ்வளவுதான். கயிற்றுக்காரன்தான் உயிரை வாங்கினான்.

"சளி புடிச்சிருந்தா எறங்கலாமாங்கய்யா?"

"இந்தக் குளிர்ல சளி இல்லாதவன் யாருடா? கேமரன்மலையையே காலி பண்ணச் சொல்றியா?"

கூட்டம் சிரித்தது. ஆனாலும் பெரிய துரை பக்கத்தில் நிற்கிறாரே என்று கிரகரி முக்குளிப்புத் துரையிடம் கேட்டு வைத்தார். சளி இருந்தால் இறங்கக் கூடாதாம், காது போய்விடுமாம். நல்ல வேளை, அகஸ்டினுக்குச் சளி இல்லை.

"காது வலிச்சா?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டுமாம்.

"காத்து தீரப்போவுதுன்னு எப்படித் தெரியும்?"

தோங்கின் அளவுமானி முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"அடியில பசி எடுத்தா என்ன பண்றதுன்னும் கேளேன்" என்றார் கிரகரி. மறுபடியும் சிரிப்பு.

பழனியப்பன் அசரவில்லை. "மேல வர்றப்ப மூச்ச அடக்கணுமா, விடணுமாய்யா?"

"தண்ணிக்குள்ள எவனாச்சும் மூச்சு விடுவானா? அடக்கணும்டா! அகஸ்டின்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

பழனியப்பன் தலையைச் சொறிந்தான். "இருந்தாலும் தொரைய ஒரு வார்த்த கேட்டுடுங்கய்யா. நமக்குப் படிப்பு பத்தாது பாருங்க."

கிரகரி சலித்துக்கொண்டே கேட்டார்.

ஏற்கெனவே வெளுத்த முக்குளிப்புத் துரையின் முகம் இன்னும் வெளுத்துப் போனது. "அடக்கவே கூடாது! முதலில் அதைத்தானே சொன்னேன்? நுரையீரல் வெடித்துச் செத்துப்போவான்!"

மனைவி ஆரோக்கியம்மாளின் முகம் கிரகரியின் கண்முன் வந்து போனது. ஆனால் கிராணி என்றால் கிராணிதான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அகஸ்டின், மூச்ச விட்டுக்கிட்டே மெதுவா வரணும். இந்த மரமண்டைக்காக மறுபடியும் வெளக்கமாச் சொல்ல வேண்டியிருக்கு."

அரை மணியில் அடைப்பை எடுத்துவிட்டு முக்குளிப்புத் துரையோடு அகஸ்டின் சிரித்தபடி கரையேறினான். பெரிய துரை கிரகரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான மொழிபெயர்ப்பு!"

கிரகரிக்குத் தலைகால் புரியவில்லை.

முக்குளிப்புத் துரையோ, அகஸ்டினின் முதுகிலிருந்து தோங்கைக் கழற்றிக்கொண்டிருந்த பழனியப்பனின் கைகளையே பார்த்தார். பழகிய கைகள். "இந்த வேலையை எங்கே கற்றாய்?" என்று கேட்டார். கிரகரி மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள், பழனியப்பன் இங்கிலீஷிலேயே தங்குதடையின்றிப் பதில் சொன்னான்.

"சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் எட்டு வருடம் முக்குளித்தேன் சார். ஒரு காது போனதும் விட்டுவிட்டேன்."

பெரிய துரை திகைத்தார். "பிறகு ஏன் அத்தனை கேள்வி கேட்டாய்?"

கிரகரி அவசரமாகப் பழனியப்பனைப் பார்த்தார். இவன் உண்மையைச் சொன்னால் மானமும் போச்சு, வேலையும் போச்சு.

பழனியப்பன் அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு பெரிய துரையிடம் திரும்பினான்.

"ரொம்ப நாளாகிவிட்டதல்லவா சார், எல்லாம் மறந்துவிட்டது. எங்கள் கிராணி ஐயாதான் பொறுமையாக விளக்கிச் சொன்னார்."