கால் படாத வள்ளம்

வாயைத் திறக்க முடியாது. திறந்தால் போச்சு.

பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் திருகு. நெல்மணி அளவுதான். அதன் நடுவில் ஒரு துளை, மயிர் நுழையும் துளை. எஞ்சினுக்கு எண்ணெய் போகும் வழி அது. கடலில் விழுந்தால் தேடித் தர எந்தச் சாமியும் வராது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஒவ்வோர் அலைக்கும் வள்ளத்தின் பின்புறம் எழும்பி அவள் நெஞ்சில் இடித்தது.

வள்ளத்தில் ஏறி இருந்து செய்தால் பாதி வேலை மிச்சம்.

ஏற முடியாது.

வள்ளத்துக்காரர் மனுவேற்பிள்ளை உள்ளே குந்தியிருந்தார். அவருடைய அப்பர் காலம் தொட்டு அவர்கள் வள்ளத்தில் பெண் கால் பட்டதில்லை. மனைவிக்கும் இடமில்லை, பெற்ற மகளுக்கும் இடமில்லை.

"எஞ்சினைத் தொடு. வள்ளத்திலை கால் வைக்கப்படாது" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

அவள் சரி என்றாள். வேறு என்ன செய்வது? தீவில் இன்று பழுதாகிக் கிடக்கும் எஞ்சின் அது ஒன்றுதான். எஞ்சின் திருத்தும் பயிற்சி முடித்த அவளைச் சோதிக்க யாழ்ப்பாணத்திலிருந்து அதிகாரி வந்திருப்பதும் இன்றைக்குத்தான்.

அதிகாரி கரையில், பூவரச நிழலில் நின்றார். அவர் காலடியில் சிவப்பு மூடி போட்ட கருவிப் பெட்டி. திருத்திக் காட்டினால் அது அவளுக்கு. பிறகு இந்தக் கரையில் எந்த எஞ்சினையும் கூலிக்குத் திருத்தலாம்.

பெட்டியை அவள் பார்க்கவேயில்லை.

அரசாங்கத்தைத் திட்டாமல் இந்தத் தீவில் ஒருவருக்கும் தேத்தண்ணி இறங்காது. படகு பிந்தினால் திட்டு, டாக்குத்தர் வராவிட்டால் திட்டு. அவளும் திட்டியிருக்கிறாள், குறைவில்லாமல். ஆனால் தனக்குக் கிடைத்த இந்த உதவி ஒன்றைத் திட்ட மனம் வராது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு உதவிப்பணம் வந்தது. அடுப்பு எரிந்தது. பிறகு ஒருநாள் பிரதேச செயலகத்துப் பெண் ஒருத்தி வெயிலில் நடந்து வந்து, "எஞ்சின் திருத்தப் பழகிறியளோ அக்கா?" என்று கேட்டாள். அவளைப் பார்த்து அப்படியொரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பழகிய காலமெல்லாம் கைச்செலவுக்குக் கொடுத்தார்கள். மகளை முன்பள்ளியில் சேர்த்து மத்தியானச் சோறும் போட்டார்கள். நல்லதை நல்லது என்று சொல்லத்தானே வேண்டும்.

திருகை எடுத்து ஊதினாள்.

காற்றுப் போகவில்லை.

"என்ன பிள்ளை, பீப்பீ ஊதுறியோ?" என்றார் மனுவேற்பிள்ளை.

நாக்கு துடித்தது. திருகை மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டாள். நல்ல காலம், அவருக்கு.

பழுது எங்கே என்று அவளுக்குத் தெரியும். பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். கரைக்கு வரும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றித்தான் அணைக்க வேண்டும். மனுவேற்பிள்ளை மாற்றமாட்டார். ஒரு சொட்டுப் பெற்றோல் மிச்சம் என்று சிரித்துக்கொண்டே அப்படியே அணைப்பார். உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் பிசினாகித் துளையை அடைத்துவிடும். தீவு முழுக்க இதே கெட்டித்தனம்தான்.

கம்பியால் குத்தலாம். குத்தினால் துளை பெருத்துவிடும்.

வள்ளத்தின் விளிம்பில் தூண்டில் நூல் துண்டு ஒன்று தொங்கியது. மெல்லிய தங்கூசி. கையை நீட்டி எடுத்தாள். கை படக்கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

பெற்றோலில் தோய்த்து நுழைத்தாள். முட்டியது. திருப்பினாள். அலை அடித்து முகமெல்லாம் உப்பு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விரலைத் தடவிப் பார்த்தாள்.

திருகு இருந்தது. அப்பாடா.

இன்னும் ஒரு தள்ளு. நூல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

பூட்டினாள். மூடினாள். எஞ்சினைத் தொடக்கும் கயிற்றை மேலிருந்துதான் இழுக்க முடியும். மனுவேற்பிள்ளை எஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில் வந்திருந்து இழுத்தார்.

எஞ்சின் இருமியது. நின்றது.

"இன்னொருக்கா இழுங்கோ அண்ணை."

இழுத்தார்.

பிடித்துக்கொண்டது!

நீலப் புகை தண்ணீரில் தவழ்ந்தது. கரையில் யாரோ விசிலடித்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

அதிகாரி காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். அவர் முகத்திலும் சந்தோஷம்தான்.

"அருமை. இனி கடலுக்குள்ளை தெரியிற அந்தக் கம்பம் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்கோ. திருத்தின ஆள்தான் ஓட்ட வேணும்."

அவள் அசையவில்லை.

"நான் ஏறேலாது ஐயா. அண்ணைக்குச் சொல்லுக் குடுத்திட்டன்."

"ஓட்டாட்டி நான் பாஸ் போடேலாது தங்கச்சி."

தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள். பெட்டியை அப்போதுதான் ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டு, வள்ளத்தைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

எஞ்சின் மட்டும் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. இவ்வளவு சீராக அது உறுமி மனுவேற்பிள்ளை கேட்டு வருஷங்கள் இருக்கும்.

அவர் பிடரியைச் சொறிந்தார். தண்ணீரில் நின்ற அவளைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார்.

பிறகு பலகையிலிருந்து எழும்பினார். வள்ளத்தின் நீளத்துக்கும் நடந்துபோய் முன்முனையில், கடலைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எஞ்சினுக்குப் பக்கத்துப் பலகை வெறுமையாக இருந்தது.

"பெற்றோல் வீணாப் போகுதெல்லோ பிள்ளை" என்றார்.