வேண்டிக் கொடுத்த வேர்

வைசேயா வேரைத் தொடுவானா மாட்டானா என்று இசிகேலி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

பாயின் நடுவில் காவா வேர்க்கட்டு கிடந்தது. இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நாக்கை மரக்கவைத்துக் கிறக்கம் தரும் வேர். ஐந்து வருஷம் வளர்த்த செடி. மகள் கல்யாணத்துக்கென்று விட்டுவைத்திருந்ததைப் பிடுங்கி, மண் போகக் கழுவி, வெயிலில் காயப்போட்டு, மலையைச் சுற்றி ஆறு மைல் சுமந்து வந்திருந்தான்.

மச்சான் வைசேயாவிடம் காவா குடிப்பதை விடச் சொல்வதற்கு.

விடச் சொல்லிக் கேட்பதற்கும் காவாவைத்தான் வைத்துக் கேட்க வேண்டும். வெறும் வாயால் கேட்டால் அது பேச்சு. வேண்டுதல் ஆகாது. வைத்த வேரை எதிராளி தொட்டால் ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம்.

பேச்சாகவும் சொல்லிப் பார்த்தாயிற்று. பத்து நாளைக்கு முன்னால், சந்தையில் மரவள்ளி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனிடம் போய், "உன் ஈரல் கெட்டுப்போச்சாம் மச்சான்" என்றான்.

"உன் மூளை கெட்டு முப்பது வருஷமாச்சு. அதுக்கு எந்த டாக்டர் ரத்தம் எடுத்தான்?"

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். இசிகேலியும் சிரித்துத் தொலைத்தான். மச்சானுக்கு மச்சான் கேலிதான் பேச வேண்டும். அப்படியே வளர்ந்த வாய். கல்யாணச் சேதியும் அதில் கேலியாகத்தான் வரும், சாவுச் சேதியும் கேலியாகத்தான் வரும்.

உண்மையில் சொல்ல வேண்டியவள் உனாய்சி. இசிகேலியின் மனைவி, வைசேயாவின் தங்கை, சுகாதார நிலையத்து நர்ஸ். காவா உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத் தலைநகர் சுவாவிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள், ஐந்து ஊரில் நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்துக்கு முன் முடிவுகள் காகிதமாக வந்து சேர்ந்தன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விளக்குவது அவள் வேலை.

முப்பத்தொன்பது பேருக்கு விளக்கினாள். ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருக்கிறது, இரண்டு மாதம் தொடாமலிருந்தால் இறங்கிவிடும், தோல் உரிவதும் நின்றுவிடும் என்றாள்.

நாற்பதாவது ஆள் அண்ணன். ஊர் முறைப்படி, விவரம் தெரிந்த வயதுக்குப் பின் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளக் கூடாது, முகம் பார்க்கவும் கூடாது. காகிதத்தை மேசையில் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு போனான். அன்று வீட்டுக்கு வந்து இசிகேலியிடம்தான் சொன்னாள்.

"அவருக்கு மத்தவங்க மாதிரி இல்லீங்க. பழைய காமாலைக் கிருமி ரத்தத்துல கிடக்கு. இனி ஒரு சிரட்டைகூடத் தொடக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

சொன்ன லட்சணம்தான் சந்தையில் சிரிப்பாய்ச் சிரித்தது.

அதனால் இன்றைக்கு முறைப்படி வந்தான். சம்மணமிட்டு, தலையைக் கவிழ்த்து, உள்ளங்கைகளைக் குழித்து மூன்று தரம் தட்டினான். மரம் அறுத்துக் காய்த்த கை, சத்தம் கட்டையாக வந்தது. பாயைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சின்ன வேருதாங்க. உங்க தங்கச்சி வாயா நான் வந்திருக்கேன். அவ கண்ணீரையும் இதோட சேர்த்துக் கட்டிக் கொண்டாந்திருக்கேன். இனிமே நீங்க காவா தொடக்கூடாது."

வைசேயா சிரிக்கவில்லை. வாசலோரம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி அடக்கினான். வேரைத் தொட்டான்.

"ஏத்துக்கிட்டேன். இனிமே தொடமாட்டேன்."

இசிகேலிக்கு ஆறு மைல் சுமை அப்போதுதான் தோளை விட்டு இறங்கியது.

ஏற்ற வேரைக் கரைத்துக் குடித்தால்தான் வாக்கு நிற்கும். குடிக்காமல் விட்டால், வந்தவன் முகத்தில் கதவைச் சாத்திய மாதிரி. இசிகேலியே இடித்தான், குழிந்த பெரிய மரத்தட்டில் கரைத்தான், பிழிந்தான். முதல் சிரட்டை வேண்டுதலை ஏற்றவனுக்கு.

வைசேயா அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

காரியம் முடிந்த தெம்பில் இசிகேலிக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது.

"என்ன மச்சான், பிரிய மனசு வரலியா? கடைசிச் சிரட்டை, ஒரு முத்தம் குடுத்துட்டுக் குடி."

வைசேயா ஒரே மூச்சில் குடித்துச் சிரட்டையைக் கீழே வைத்தான். அவன் மனைவி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருபத்திமூணு நாள் மச்சான்."

"என்ன இருபத்திமூணு?"

"நான் இதைத் தொட்டு."

இசிகேலியின் கை கரைசலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அன்னைக்குக் காகிதத்தை வச்சவ, நிமிந்து என் முகத்தைப் பார்த்தா. முப்பத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல எனக்கு எவன் வந்து சொல்லணும்?"

"சந்தையிலயே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா பாவி!"

"நீ கேலி பண்ணினே. நானும் பண்ணினேன்." வைசேயா வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "இன்னைக்கு நீ கேலி பண்ணலியே. மெய்யா வந்து கேட்டவனை எப்படித் திருப்பி அனுப்புவேன்?"

மரத்தட்டில் இன்னும் முக்கால்வாசி கிடந்தது. கரைத்ததை மிச்சம் வைத்து எழக்கூடாது. வைசேயாவின் கண் அதன்மேல் போவதை இசிகேலி பார்த்தான். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒரு சிரட்டை, இன்னொரு சிரட்டை என்று அடி மண்டி தெரியும் வரை தானே குடித்தான். அவ்வளவு நேரமும் இருவரும் ஒரு கேலிகூடப் பேசவில்லை.

கால் பின்ன ஆறு மைலும் நடந்து, வேலியையும் சுவரையும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது உனாய்சி வாசலிலேயே நின்றாள்.

"ஏத்துக்கிட்டாரா?"

தலையை ஆட்டினான்.

அந்த ஒரு சிரட்டையைப் பற்றிச் சொல்ல முடியாதபடி நாக்கு மரத்துப்போயிருந்தது. நல்லதாகப் போயிற்று.